லாடக்காரச் சந்தில் ஒரு காலி வீடு

தெய்வசிகாமணி கையைப் பிடித்துக் குலுக்கியபோது சுஐப்புக்கு, இந்தக் கையை உடனே கழுவ வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. இத்தனைக்கும் அந்தக் கை சுத்தமாகத்தான் இருந்தது. பவுடர் மணம்கூட அடித்தது. ஆனால் ஊறின பஞ்சு மாதிரி மெத்தென்று, விட மனசில்லாமல் அவன் உள்ளங்கையிலேயே சற்று நேரம் கிடந்தது.

"சொல்லுங்க தம்பி. குடித்தனம் வரலாமா? வயசுப் பொண்ணை வச்சிக்கினு இருக்கேன். அதனாலதான் இவ்ளோ விசாரிக்கிறேன்" என்றார் அவர்.

கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்தது சுஐப்பின் அறை. 'அந்தரங்க விசாரணை' என்று வாசலில் ஒரு தகரப் பலகை. அதற்கு முன்னால் அவன் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீ விபத்துகளை விசாரித்துக்கொண்டிருந்தவன். எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட கடைகளின் சாம்பலைக் கிளறிக் கிளறி, மனிதர்கள் மேல் ஒரு குமட்டல் வந்து வேலையை விட்டவன். உதவிக்கு இருந்தது அவனுடைய அக்கா அத்தியா. ரவிக்கைத் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக விற்பவள். அவள் நுழைய முடியாத வாசல் இந்த ஊரில் கிடையாது. அவள் வாய்க்குப் பயப்படாத வாசலும் கிடையாது.

எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் என்றும், அதற்கு முந்தின நாள் சாயங்காலம் டவுனில் ஊர்வலம் என்றும் அறிவித்திருந்தார்கள். கிராமங்களில் எது எப்போது எரியும் என்று தெரியவில்லை. கச்சிராயபாளையம் பக்கத்துக் கரும்பு விவசாயியான தெய்வசிகாமணி, தன் வைக்கோல்போரையே மறியல்காரர்கள் கொளுத்திவிட்டார்கள் என்றும், போலீஸில் புகார் கொடுத்திருப்பதாகவும், குடும்பத்தோடு டவுனுக்கு வந்துவிடப் போவதாகவும் சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாடக்காரச் சந்தின் நடுவில் ஒரு வீடு காலியாக இருக்கிறது. ஆனால் சந்துக்குப் பெயர் நன்றாக இல்லை. குடி, சண்டை, திருட்டு என்று ஊரே மூக்கைப் பொத்துகிறது. அங்கே போய் இருந்து பார்த்து, பயமில்லாத இடம்தானா என்று சொல்ல வேண்டும். இதுதான் அவர் கொடுத்த வேலை. அக்காவும் தம்பியும் அதை முடித்துவிட்டு வந்திருந்தார்கள்; பதில் கேட்கத்தான் அவர் இன்று வந்திருந்தார்.

"ஊர் சொல்றது ஒண்ணு, உள்ள இருக்கறது ஒண்ணுங்க" என்றான் சுஐப். "பொழுது சாஞ்ச பிறகும் கொடியில பட்டுப் பாவாடை காஞ்சிக்கினு இருக்கு. எடுக்கணும்னு யாரும் ஓடி வரல. திருட்டு பயம் இருக்கற தெருவுல கொடியில கிழிசல்தான் தொங்கும்."

"சைக்கிளுக்குப் பூட்டே கெடையாது" என்றாள் அத்தியா. "ஒருத்தன் சைக்கிளை இன்னொருத்தன் கேக்காமயே எடுத்துக்கினு போறான். அதுக்குத் திட்டு வாங்கறான். சண்டை நெறைய உண்டு, இல்லேங்கல. பக்கத்து வூட்டுக்காரிய நாக்கைப் புடுங்கற மாதிரி திட்டறாங்க. திட்டிக்கினே அவ புள்ளைக்குத் தலையும் வாரி வுடறாங்க."

"பயமில்லைன்னு சொல்றீங்க."

"என் தங்கச்சியா இருந்தா தாராளமா குடி வைப்பேன்" என்றான் சுஐப்.

தெய்வசிகாமணி நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "காலி வூட்டுக்கு ரெண்டு பக்கமும் கீத்துக் கூரைதானே? ஒட்டினாப்பல இருக்குமோ? எங்க வைக்கப்போர் எரிஞ்சதுலேர்ந்து நெருப்புன்னாலே உடம்பு நடுங்குது, அதான் கேக்கறேன்."

"ஒட்டித்தான் இருக்கு. ஒரு பக்கம் ரங்கம்மாள்னு ஒரு அம்மா. வாதம் வந்து படுத்துட்ட புருசனை வச்சிக்கினு இட்லி சுட்டு விக்கறாங்க. தங்கமான மனுசி."

"நாளைக்குச் சாயங்காலம் ஊர்வலம் போவுதாமே? அந்த நேரத்துல சந்துல ஆளுங்க இருப்பாங்களா? இல்ல, பொண்ணு தனியா மாட்டிக்குமா?"

"எல்லாரும் வேடிக்கை பாக்க மெயின் ரோட்டுக்குப் போயிடுவாங்க. படுத்த படுக்கையா இருக்கற கெழடுங்களும், தூளியில தூங்கற புள்ளைங்களும்தான் உள்ள."

"லாரி வருமா?"

"லாரி வராதுங்க. மாட்டு வண்டி வேணா உள்ள போவும். ஆனா திருப்ப முடியாது. பின்னாலயே தள்ளிக்கினுதான் வரணும்."

"ரொம்ப நல்லது" என்று சிரித்தார் தெய்வசிகாமணி. மறுபடியும் அந்தப் பஞ்சுக் கை. "நாளைக்கே சாமானை இறக்கிடறேன்."

அவர் படி இறங்கிய சத்தம் ஓய்ந்ததும் சுஐப் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தான்.

"இன்னாடா இது, ரேகையெல்லாம் அழியற மாதிரி தேய்க்கற? அப்புறம் உனக்குக் கல்யாணம் ஆவுமா ஆவாதான்னு எதை வச்சிப் பாக்கறது?" என்றாள் அத்தியா.

"லாரி வராதுன்னு சொன்னேன். அந்த ஆளு சிரிச்சாரு, பாத்தியா?"

"பாத்தேன். பல்லு நல்லாத்தான் இருக்கு."

"வூடு மாத்தறவன், சாமான் ஏத்தற லாரி உள்ள வராதுன்னா மூஞ்சைச் சுளிப்பான். இவரு சந்தோசப்படறாரு." சுஐப் கையைத் துடைக்காமல் சொட்டச் சொட்ட நின்றான். "அக்கா, நான் குழாயடியில நாள் முச்சூடும் நின்னு, தண்ணி எப்ப வருது, எத்தனை குடம் கெடைக்குது, கிணத்துத் தண்ணி உப்பா நல்லதான்னு எல்லாம் பாத்து வச்சிருந்தேன். அந்த ஆளு கேட்டாரா?"

அத்தியா துணி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது. "இல்லியே."

"இந்த ஊர்ல குடித்தனம் வர்றவன் மொதல்ல இன்னா கேப்பான்?"

"தண்ணியைத்தான். வாடகையைக்கூட அப்புறம்தான் கேப்பான்." அவள் மூட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "இன்னொண்ணும் இருக்குடா. இது புரட்டாசி. நான் துணி விக்கற வூட்ல ஒருத்தரும் புரட்டாசியில பால் காய்ச்சிக் குடி போனதில்ல. எனக்கே தெரியுது, நெத்தி நெறைய விபூதி பூசியிருக்கற அவருக்குத் தெரியாதா?"

"நெருக்கடின்னா போவாங்க."

"நெருக்கடியில வர்றவன் கூரையைக் கேப்பானா, கொழாயைக் கேப்பானா?"

சுஐப் அப்போதுதான் கையைத் துடைத்தான்.

"காலையில மொத பஸ்ஸுக்குக் கச்சிராயபாளையம் போறோம்" என்றான். "எரிஞ்சுபோன அந்த வைக்கோலை நான் பாக்கணும்."

"நல்ல இடத்துக்குத்தான் கூட்டிக்கினு போற. அங்க இருக்கற கோமுகி அணையைப் பாக்கலாம்னு சொல்லுவியோன்னு நெனச்சேன்."

*

காலையில் டவுன் பஸ் ஓடியது. கல்வராயன் மலை மேகத்தைத் தலையில் சுமந்துகொண்டு எதிரே நின்றது. ஊரைத் தாண்டி, கோமுகி வாய்க்கால் ஓரமாக இருந்தது தெய்வசிகாமணியின் வீடு. மாடி வைத்த காரை வீடு. பக்கத்திலேயே டிராக்டர் கொட்டகை. வீட்டில் அவர் இல்லை. மனைவி ஆயம்மாள் இருந்தாள். அத்தியா 'ரவிக்கைத் துணீ' என்று ராகம் இழுத்ததும் கூடத்தில் பாய் விரித்தாள். சுஐப் மூட்டை தூக்க வந்த ஆள் மாதிரி பவ்யமாக ஓரமாக நின்று, பிறகு களத்துப் பக்கம் நழுவினான்.

களத்தின் கடைசி மூலையில் வட்டமாகச் சாம்பல் கிடந்தது. வீட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் எட்டாத தூரம். அனல் பட்டு ஒரு இலைகூடக் கருகவில்லை. கொட்டகையை ஒட்டிப் பொன் மாதிரி புது வைக்கோல்போர் ஒன்று கம்பீரமாக நின்றது. கொளுத்த வந்தவன் இதை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் நடந்துபோய் அதைக் கொளுத்தியிருக்கிறான்.

திரும்பி வந்தபோது ஆயம்மாள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"எரிஞ்சது போவட்டும்மா. மழையில நனைஞ்சு மக்கிப் போன வைக்கோலு. மாடு மோந்துகூடப் பாக்காது. அதுலயும் எங்க வூட்டுக்காரரு முந்தின நாளே மாட்டையெல்லாம் அவுத்து என் தம்பி வூட்டுக்கு ஓட்டிட்டாரு. அவருக்கு எது நடக்கப் போவுதுன்னாலும் முன்னாடியே மனசுல பட்டுடும்."

"இந்த மாதிரி மனசு நாலு பேருக்கு இருந்தா போதும், ஊர்ல போலீஸே வேணாம்" என்றாள் அத்தியா. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "அதான் டவுனுக்கே குடி வந்துடறீங்களாமே?"

"யாரு, நாங்களா?" ஆயம்மாள் சிரித்த சிரிப்பில் கழுத்துச் சங்கிலி குலுங்கியது. "யாரு சொன்னா? எங்க போறோம்?"

"லாடக்காரச் சந்துன்னு கேள்விப்பட்டேன்."

"ஐய! அந்தச் சந்துல நான் செருப்புப் போட்டுக்கினுகூடக் கால் வைக்க மாட்டேன். குடியா போறோம்? அந்த மனை மொத்தத்தையும் இவரு வாங்கிட்டாரும்மா. பாண்டிச்சேரிக்காரரு ஒருத்தர்கிட்ட, வெளிய தெரியாம. பஸ் ஸ்டாண்டு பக்கமா, மூணு மாடி வச்சி லாட்ஜ் கட்டப் போறாரு. அந்த ஜனங்கதான் கெளம்ப மாட்டேங்குதுங்க. தலைமுறை தலைமுறையா இருக்கோம்னு அட்டை மாதிரி ஒட்டிக்கினு கெடக்குதுங்க. கோர்ட்டுக்குப் போனா நம்ம காலத்துல முடியாதாம். 'கவலைப்படாதே, இந்த மறியல் முடியறதுக்குள்ள தானா காலியாயிடும்'னு சொல்றாரு."

அத்தியா ஒரு நீலத் துணியைப் பிரித்தபடியே கேட்டாள். "அய்யா எங்க, இன்னிக்கு வூட்ல இல்லியா?"

"விடியறப்பவே வண்டி கட்டிக்கினு போயிட்டாரு. மேல இருந்த பழைய கட்டில், மெத்தை எல்லாத்தையும் ஏத்திக்கினு. ஏதோ அநாதைப் புள்ளைங்க ஆசிரமத்துக்குத் தர்மமா குடுக்கப் போறாராம். நல்ல மனசு அவருக்கு. அந்த நீலம் எவ்ளோ கெஜம் இருக்கு?"

அத்தியா துணியை அப்படியே அவள் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள். "வச்சிக்கோங்க. அப்புறம் வர்றேன்."

வாய்க்கால் மதகு வந்ததும் சுஐப் நின்றான். மதகில் குனிந்து, காலையில் தின்ற இரண்டு இட்லியையும் வாந்தி எடுத்தான்.

"நான்தான் சொன்னேன், அக்கா. யாரு படுத்துக் கெடக்கறாங்க, எந்த நேரத்துல யாரும் இருக்க மாட்டாங்க, எந்தக் கூரை எதை ஒட்டியிருக்குன்னு ஒண்ணு விடாம நானே சொல்லிக் குடுத்தேன். தீயணைப்பு வண்டி உள்ள வராதுன்னும் சொல்லிட்டேன். வைக்கோலைக் கொளுத்தினது ஒத்திகை. மறியல்காரங்க கொளுத்தறாங்கன்னு போலீஸ்ல ஒரு புகாரும் குடுத்து வச்சாச்சு. இன்னிக்கு எரிஞ்சா யாரைக் கேப்பாங்க?"

அத்தியா வாய்க்காலில் இறங்கினாள். முந்தானையை நனைத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். "நட" என்றாள்.

*

கச்சிராயபாளையத்தில் பஸ் இல்லை. மறுநாளைக்கு என்று சொன்ன மறியலை இந்தப் பக்கத்து இளவட்டங்கள் மதியமே ஆரம்பித்துவிட்டார்கள். ஊர் எல்லையில் ஒரு புளியமரத்தை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், தலையில் துண்டு கட்டிய ஒருவன் எழுந்து வந்தான். அய்யனார் என்று பெயர். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் கூட்டத்துக்கு மேஸ்திரி.

"வண்டி எதுவும் போவாதுங்க. திரும்பிப் போயிடுங்க" என்றான்.

சுற்றி வளைக்க நேரமில்லை. சுஐப் நடந்தது முழுவதையும் அவனிடம் சொன்னான். வைக்கோல், மாடு, மெத்தை, லாட்ஜ், சந்தில் படுத்திருப்பவர்கள், எல்லாம்.

அய்யனார் கேட்டு முடித்துவிட்டுக் காறித் துப்பினான்.

"அந்த வைக்கப்போருக்காக எங்க பசங்க ரெண்டு பேரை ஸ்டேசன்ல உக்கார வச்சி அடிச்சாங்க, தெரியுமா? எங்க புள்ளைங்களுக்குப் படிக்க எடம் குடு, வேலை குடுன்னு கேட்டு ரோட்ல நிக்கறோம். எங்க பேரைச் சொல்லி இவன் லாட்ஜ் கட்டுவானா?" திரும்பிக் கத்தினான். "டேய், சைக்கிளைக் கொண்டாங்கடா!"

நாலைந்து சைக்கிள்கள் மரத்துக்கு மேலே கைமாறி அந்தப் பக்கம் போயின. அத்தியா அய்யனார் சைக்கிளின் பின் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

"தம்பி, நான் கொஞ்சம் வெயிட் ஜாஸ்தி. டயர் வெடிச்சா அதையும் கவர்மெண்டுகிட்ட கேட்டு வாங்கிக்கோ."

அய்யனார் சிரிக்காமல் மிதித்தான்.

*

அவர்கள் கள்ளக்குறிச்சியை எட்டியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஊர்வலத்தின் கோஷம் கடைவீதியின் அந்தக் கோடியில் கேட்டது. லாடக்காரச் சந்து முனையில் சப்-இன்ஸ்பெக்டர் ராஜாங்கம் பந்தோபஸ்துக்கு நின்றிருந்தார். சுஐப் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் புளித்தது.

"தெய்வசிகாமணி ஐயாவா? யாரைப் பத்தி பேசறய்யா? கொஞ்ச நேரம் முன்னாடிதான் என்கிட்ட வணக்கம் சொல்லிட்டுச் சாமானை ஏத்திக்கினு உள்ள போனாரு. குடி வர்றாரு. குடும்பம் பின்னால வருதாம்."

அத்தியா சுஐப்பைப் பார்த்தாள். சாமானோடு உண்மையிலேயே வந்து இறங்கிவிட்டார். அவர்களிடம் இருந்தது மக்கிப்போன வைக்கோலும் ஒரு மனைவியின் வாய்ப் பேச்சும் மட்டும்தான்.

"நீங்க வந்து பால் காய்ச்சறதையாவது பாருங்க சார்" என்றான் சுஐப். ராஜாங்கம் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார்.

சந்து காலியாக இருந்தது. ஒரு வீட்டுக்குள் தூளி கிறீச்சிட்டது. நடுவில் இருந்த காலி வீட்டின் முன்னால் மாட்டு வண்டி நின்றது, பக்கத்தில் வண்டிக்காரன். வாசலில் தண்ணீர் தெளித்துப் பெரிய கோலம் ஒன்று போட்டிருந்தார்கள். போட்டது ரங்கம்மாள். ஊர்வலம் பார்க்கக்கூடப் போகாமல், புதுக் குடித்தனக்காரருக்கு வீட்டைப் பெருக்கி, மெழுகி, ஒட்டடை அடித்து, தன் வீட்டு அடுப்பையும் பால் சொம்பையும் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்திருந்தாள். தெய்வசிகாமணி வாசலில் நின்று, அவள் கொடுத்த மோரை எவர்சில்வர் டம்ளரில் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார்.

சுஐப் அந்த டம்ளரையே பார்த்தான். இன்னும் சற்று நேரத்தில் யாரை எரிக்கப் போகிறாரோ, அவள் கையால் மோர் வாங்கிக் குடிக்க இந்த மனிதருக்குத் தொண்டையில் இறங்குகிறதே!

"வாங்க தம்பி, வாங்க! சப்-இன்ஸ்பெக்டரையும் கூட்டியாந்துட்டீங்களா? ரொம்ப சந்தோசம்" என்றார் தெய்வசிகாமணி.

கூடத்தில் கட்டிலைப் போட்டிருந்தார்கள். அதன் மேல் ஒரு மெத்தை. இன்னும் இரண்டு மெத்தைகள், இரண்டு பக்கத்துச் சுவர்களிலும் கூரையைத் தொட்டுக்கொண்டு சாய்ந்து நின்றன. உள்ளே கால் வைத்ததும் மண்ணெண்ணெய் நாற்றம் மூக்கில் அறைந்தது.

"இன்னாங்க இது வாடை?" என்றார் ராஜாங்கம்.

"மூட்டைப்பூச்சிங்க. பழைய மெத்தை. புது வூட்டுக்கு அதையும் சேத்துக் கொண்டாற வேணாமேன்னு மண்ணெண்ணெய் அடிச்சேன்."

"அது சரி. எங்க குவார்ட்டர்ஸ்லயும் இந்தத் தொல்லைதான்" என்று தலையாட்டினார் ராஜாங்கம். சுஐப்பைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இதற்கா என்னை இழுத்துவந்தாய் என்று இருந்தது.

"நியாயம்தாங்க" என்றான் சுஐப். "அப்ப பாலைக் காய்ச்சிடலாம். குடும்பத்துப் பெரியவரு, நீங்க அந்தக் கட்டில்ல உக்காருங்க. காத்து அடிக்குது, கதவைச் சாத்திக்கலாம். அய்யனாரு அடுப்பைப் பத்த வைப்பாரு."

தெய்வசிகாமணி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "இல்ல, குடும்பம் வரட்டும். நான் போய் அவங்களை அழைச்சிக்கினு வந்துடறேன். அதுக்கப்புறம்…"

"ஆயம்மாள் அம்மாவையா? செருப்புப் போட்டுக்கினுகூட இங்க கால் வைக்க மாட்டாங்களாமே" என்றாள் அத்தியா. "மதியந்தான் பாத்துட்டு வர்றேன். காசுகூட வாங்காம ஒரு நீல ரவிக்கைத் துணி குடுத்துட்டு வந்திருக்கேன்."

அவர் முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாகத் தெரிந்தது.

"உக்காருங்க" என்றான் சுஐப் மெதுவாக.

"அதுல எப்படி உக்கார்றது? மூட்டைப்பூச்சி…"

"செத்துப் போயிருக்குமே. அதான் மண்ணெண்ணெய் அடிச்சீங்களே."

அய்யனார் இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான். ஒரு குச்சியை உருவி, பெட்டியின் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தான். சுஐப் கதவின் ஒரு பாதியைச் சாத்தினான்.

"டேய், வேணாம்டா! உரசாதே! எல்லாம் எரிஞ்சிடும்!"

தெய்வசிகாமணி அலறிக்கொண்டு கதவை நோக்கிப் பாய்ந்தார். வாசற்படி தடுக்கி, கோலத்தின் மேல் கைகளை ஊன்றி விழுந்தார். டம்ளர் உருண்டது.

"எல்லாம்னா எதெல்லாங்க?" என்று கேட்டான் சுஐப். "ஒரு அடுப்பைப் பத்த வச்சா எல்லாம் எப்படி எரியும்?"

ராஜாங்கம் சுவரில் சாய்ந்திருந்த மெத்தையை விரலால் அமுக்கிப் பார்த்தார். மண்ணெண்ணெய் அவர் மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் ஓடியது. பூச்சிக்கு அடித்த அளவா அது? மெத்தை முழுக்க ஊறித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே, வண்டிக்காரன் யாரும் கேட்காமலேயே அழ ஆரம்பித்தான். ஊர்வலம் சந்து முனைக்கு வந்ததும் ஊதுவத்தியைக் கொளுத்தி மெத்தை இடுக்கில் செருகிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றுதான் ஐயா சொன்னார் என்றான். உள்ளே படுத்திருப்பவர்களைப் பற்றித் தனக்கு யாரும் சொல்லவில்லை என்றான்.

அய்யனார் தீக்குச்சியை உரசாமலே பெட்டிக்குள் வைத்தான்.

இதற்குள் ஊர்வலம் பார்க்கப் போனவர்கள் விஷயம் கேள்விப்பட்டுத் திரும்பிவிட்டார்கள். சந்து நிறைந்துவிட்டது. ஒருவரும் தெய்வசிகாமணி மேல் கை வைக்கவில்லை. அவரைச் சுற்றி ஓர் இடைவெளி விட்டு, நரகலைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஐயா, ஸ்டேசன் வரைக்கும் ஒரு நடை வந்துட்டுப் போயிடலாம்" என்றார் ராஜாங்கம். "நடக்க வேணாம், ஜீப்பை வரச் சொல்றேன்."

"கொடை புடிச்சிக்கினு போங்க சார், ஐயாவுக்கு வெயில் பட்டுடப் போவுது" என்றாள் அத்தியா. அவள் குரலில் சிரிப்பே இல்லை.

"கேஸ் எழுதற வரைக்கும் நாங்களும் ஸ்டேசன் வாசல்லதான் உக்காரப் போறோம்" என்றான் அய்யனார். "எங்களுக்கு ரோட்ல உக்கார்றது பழக்கம்தான். ரெண்டு பசங்களை அடிச்சீங்களே, அவங்களும் வருவாங்க."

ராஜாங்கம் கூட்டத்தை ஒரு முறை பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு, வண்டிக்காரன் சொன்னதை மறுபடியும் ஒருமுறை எல்லார் முன்னாலும் சொல்லச் சொன்னார். அதற்கப்புறம் அவர் வாயில் ஐயா வரவில்லை.

தெய்வசிகாமணி எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த கோலமாவைத் தட்டிவிட்டார். சுஐப்பின் அருகே வந்ததும் நின்று, ரகசியம் பேசுவது போலக் குனிந்தார்.

"தம்பி, நீங்க படிச்சவரு. நீங்களே சொல்லுங்க, இந்தச் சாக்கடையில கெடக்கறதெல்லாம் ஒரு பொழைப்பா? எரிஞ்சாதான் இன்னா நஷ்டம்?"

சுஐப் துப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

ஆனால் அந்த வார்த்தை ரங்கம்மாள் காதில் விழுந்துவிட்டது. அதுவரை அவள் சுவரோரமாக, பால் சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு, நடப்பது புரியாதவள் மாதிரி நின்றிருந்தாள். மெள்ள நடந்து வந்தாள். கலைந்துபோன கோலத்தின் ஓரம் கிடந்த டம்ளரைக் குனிந்து எடுத்தாள். அடியில் கொஞ்சம் மோர் ஒட்டியிருந்தது.

"நல்ல எவர்சில்வராச்சே, புளி போட்டுத் தேய்ச்சிட்டா போவுது" என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

ரங்கம்மாள் அந்தக் குரல் பக்கம் திரும்பவேயில்லை. டம்ளரை இரண்டு விரலால் விளிம்பில் தொங்கவிட்டபடி சாக்கடைவரை நடந்தாள். அதைக் கறுப்புத் தண்ணீரில் போட்டாள். அது முழுகும்வரை பார்த்தாள். பிறகு முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு, படுத்திருக்கும் புருசனுக்குக் கஞ்சி கொடுக்கத் தன் வீட்டுக்குள் குனிந்து நுழைந்தாள்.